கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டைக் கொரங்காட்டில் விட்டால் நல்லதா?

மயிலைக்கன்று (மூலனூர் பக்கம்), புரட்டாசி கடைசி வாரம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊருக்கு வந்து மூணு வருசமாச்சு. கட்டுத்தறியில் மூணு ஜெர்சி கலப்பு, ஒரு காங்கேயம் மயிலைப் பசு, அதோட கிடாரி. எல்லாம் சிமெண்ட் தரையில் கயித்துல கட்டினபடியேதான் இருக்கு. காலையில கோ-5ங்கற தீவனப்புல், சாயங்காலம் சோளத்தட்டு, ரெண்டு வேளை தவிடும் புண்ணாக்கும். குறை வச்சதில்லை.

ஆனா மாடுக நல்லா இல்லைங்க. ஒரு ஜெர்சி நாக்கை வெளியே நீட்டிச் சுருட்டிச் சுருட்டி உள்ளே இழுத்துட்டே நிக்குது. தீனி தின்னு முடிச்ச பிறகு அரை மணி நேரம் இதே வேலைதான். இன்னொண்ணுக்குப் பின்னங்கால் குளம்பு செருப்பு மாதிரி நீண்டு, எழும்போது இடது காலை ஊனாம தயங்குது. அதுக்கே ரெண்டு தடவை சினை ஊசி போட்டும் பிடிக்கல. பால் சொசைட்டியில் பாலோட கொழுப்பு 3.6 சதவீதத்துக்கு மேல ஏற மாட்டேங்குது.

அப்பாரு விட்டுப்போன கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, ஆறு ஏக்கர் சும்மா கிடக்குது. மழை வரப்போகுது, புல் தளையும். அதுல விடலாமான்னு யோசிக்கறேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "கலப்பு மாட்டை வெளிய விட்டா பாலும் போச்சு, மாடும் போச்சு"ங்கறாரு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

வெள்வேலம்

தம்பி, ஆறு ஏக்கர் கொரங்காட்டை வச்சுக்கிட்டு மாட்டைச் சிமெண்டுல கட்டி வச்சிருக்கீங்களேன்னு படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. குத்தமா எடுத்துக்காதீங்க.

கொரங்காடு புறம்போக்கு மேய்ச்சல் நிலமில்லைங்கறதை வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லிடறேன். பட்டா நிலம். தாராபுரம், மூலனூர், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் பக்கமெல்லாம் மழை குறைச்சலான மேட்டுக்காட்டை நம்ம பாட்டன் பூட்டன் இப்படித்தான் ஆக்கி வச்சாங்க. கீழ கொழுக்கட்டைப்புல், மேல வெள்வேல மரம், சுத்தி முள்கிளுவை வேலி. மூணும் ஒண்ணுக்கொண்ணு துணை. வேலி இருக்கறதால மேய்க்க ஆள் வேண்டாம். மரம் நிழல் தரும், கோடையில புல் காஞ்ச பிறகு வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். கொழுக்கட்டைப்புல் மேல கருகினாலும் தூர் உசுரோட கிடந்து ஒரு மழைக்குத் தளைஞ்சிரும். காங்கேயம் மாட்டோட எலும்பும் குளம்பும் இந்தக் காட்டுல உருவானதுதான்.

அதுக்குள்ள மாடு என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க. ஒரே இடத்துல நின்னு திங்காது. ரெண்டு வாய் கடிக்கும், ஒரு எட்டு வைக்கும், மறுபடி ரெண்டு வாய். புல்லோட ஓரமா நிக்கற பூண்டு, மரத்துல தாழ்ந்த கொழுந்து, எது வேணுமோ அதைத் தேடும். ஏழெட்டு மணி நேரம் அந்தத் தேட்டந்தான் அதுக்கு வேலை. உங்க ஜெர்சிக்கு அந்த வேலையைப் பிடுங்கிட்டோம். நாக்கு மட்டும் இன்னும் அந்த வேலையைச் செய்யுது.

---

ஊர் கால்நடை டாக்டர்

வெள்வேலம் ஐயா கடைசியாகச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நாக்குச் சுருட்டல் கட்டிப்போட்ட மாட்டிலும் அடைப்பில் வளரும் கன்றிலும்தான் அதிகம் பார்க்கிறோம். மேயும் நேரமும் நார்த்தீனியும் குறையும்போது வருகிற பழக்கம். தாது உப்புக் குறைவும் இருக்கலாம், அதனால் தாதுக் கலவையை நிறுத்தாதீர்கள்.

குளம்பு விஷயம்: நடந்தால்தான் குளம்பு தேயும். நடக்காத மாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும், பாரம் குதிகாலுக்குச் சாயும், உள்ளே ரத்தம் கட்டிப் புண்ணாகும். மூத்திரமும் சாணியும் ஊறிய சிமெண்ட் தரை அதை இன்னும் மென்மையாக்கிவிடும். முதலில் குளம்பை வெட்டிச் சீர்செய்யுங்கள், பிறகு காட்டில் விடுங்கள். நீண்ட குளம்போடு கல்லுக்காட்டில் நடக்கவிட்டால் வலி கூடும்.

கொழுப்பு குறைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மாடு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போட வேண்டும். பெரிய மாட்டுக்கு ஒரு நாளில் ஊறும் எச்சில் நூறு லிட்டருக்கு மேல் போகும், அசை போடும்போது அது அதிகம் ஊறும். அதில் இருக்கும் சோடா உப்புத்தான் பெருவயிற்றின் புளிப்பை அடக்குகிறது. தவிடும் மாவுமாகக் கொடுத்தால் அசையும் எச்சிலும் குறையும், வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு இறங்கும். அந்தப் புளிப்பே குளம்பையும் தாக்கும். உங்கள் மாட்டில் நீங்கள் தனித்தனியாகச் சொன்ன மூன்று குறையும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

சினை பிடிக்காததுக்கு நூறு காரணம் இருக்கும். ஆனால் பருவத்துக்கு வந்தாலும் கால் வலிக்கிற மாடு இன்னொரு மாட்டின் மேல் தாவாது, வழுக்கும் தரையிலும் தாவாது. கட்டிக்கிடந்தால் தாவ வழியே இல்லை. அப்புறம் பருவத்தை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தினால் உண்டு, கத்தாவிட்டால் தவறான நேரத்தில் ஊசி போடுகிறோம்.

---

கோ-5

எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் மறுபக்கம் சொல்றேன். எனக்கு ஒண்ணரை ஏக்கர் கிணத்துப் பாசனம். அதுல கோ-5, வேலிமசால், தீவனச்சோளம் போட்டு எட்டுக் கலப்பு மாடு வச்சுக் குடும்பம் நடக்குது. அதே ஒண்ணரை ஏக்கரை மேய்ச்சலுக்கு விட்டா ரெண்டு மாடு தாங்காது. மிதிச்சு வீணாகறது பாதி.

பன்னெண்டு லிட்டர் கறக்கற மாட்டுக்குப் புல் மட்டும் போதாதுங்க. வெயில்ல நாலு கிலோமீட்டர் நடந்துட்டு வந்தா தின்னது நடைக்கே சரியாப் போயிரும். மயிலைக்கன்று தம்பிக்கு ஆறு ஏக்கர் இருக்கு, சரி. ஆனா இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஆறு ஏக்கர் இருக்குன்னு நினைச்சு எழுதாதீங்க. நிலமில்லாதவன் தன் மாட்டைக் கொடுமைப்படுத்தறான்னு ஆகிடும்.

---

கரிசல்காட்டு அக்கா

நானும் எழுதணும்னு இருக்கேன். போன வருசம் இதே மாசத்துல ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) கலப்பு மாட்டை மேய்ச்சலுக்கு விட்டு இழந்தோம். உண்ணிக் காய்ச்சல், தைலேரியான்னாங்க. முதல் நாலு நாள் சாதாரணக் காய்ச்சல்னு நினைச்சு விட்டுட்டோம். தோள் பக்கம் கழலை மாதிரி வீங்கிச்சு, கண்ணுக்குள்ள வெளுத்துப் போச்சு, மூச்சு வாங்கிச்சு. ஊசி போட ஆரம்பிச்சப்ப நேரம் கடந்து போச்சு. கூடவே மேஞ்ச நாட்டுமாட்டுக்கு ஒண்ணும் ஆகல.

மேய்ச்சல் வேண்டாம்னு சொல்ல வரல. கொட்டகைக்குள்ளயே பொறந்து வளர்ந்த கலப்பு மாட்டை ஒரு நாள்ல திடீர்னு வெளிய தள்ளாதீங்க தம்பி. காதுக்குள்ள, வாலுக்கு அடியில, மடி இடுக்குல, தினமும் கைவிட்டுப் பாருங்க. எங்க வீட்ல யாரும் பார்க்கல.

---

ஊர் கால்நடை டாக்டர்

அக்கா, இதை மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. இது இந்த இழையில் இருக்கவேண்டிய பதிவு. நாட்டு மாடுகள் தலைமுறை தலைமுறையாக உண்ணியோடு வாழ்ந்தவை, கலப்பு மாட்டுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. மேய்ச்சல் தொடங்கும் கலப்பு மாட்டுக்குக் காய்ச்சல் 104-ஐத் தாண்டி, தீனியும் எடுக்கவில்லையென்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மயிலைக்கன்று, இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, குடல்புழு. புழுவின் இளம்பருவம் பனி ஈரம் இருக்கும்போது புல் நுனிக்கு ஏறி நிற்கும். பனி காய்ந்த பிறகு விடுங்கள், புல்லை ஒட்ட மொட்டையடிக்க விடாதீர்கள். குட்டை ஓரமாக நத்தை இருக்கிற ஈரநிலத்தில் மேய்ந்தால் தட்டைப்புழு வரும். கொரங்காடு வறண்ட மேடு என்பதால் அந்தப் பயம் குறைவு. மருந்து கொடுக்கும் முன் சாணத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். சினை பிடித்து முதல் 45 நாளில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுக்கக் கூடாது.

இரண்டு, பக்கத்துக் காட்டில் மானாவாரிச் சோளம் இருந்தால் வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பூக்காத இளஞ்சோளமும், மழையில்லாமல் வாடியதும், அறுத்தபின் தளைக்கிற மறுதாம்பும் விஷம். வயிறு நிறைய மேய்ந்தால் மாடு நின்ற இடத்தில் விழும். அதற்கு மாற்று ஊசி இருக்கிறது, ஆனால் கிடைப்பது நிமிடக் கணக்கில்.

---

படிப்பு_நாமக்கல்

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். கோ-5 அண்ணன் பால் குறையும்னு சொன்னது உண்மைதான், ஆராய்ச்சியிலும் அப்படித்தான் வந்திருக்கு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க நொண்டுற கறவை மாடுகளை நாலு வாரம் புல்வெளியில விட்டுப் பார்த்து 2007-ல வெளியிட்டாங்க. கொட்டகையிலேயே இருந்த மாடுகளைவிட வெளியில போனதுக்கு நடை தெளிவாத் தேறிச்சு. ஆனா பாலும் உடம்பும் குறைஞ்சது. எனக்கு ஆச்சரியமா இருந்தது இன்னொண்ணு. வெளியில போன மாடுக கொட்டகை மாடுகளைவிடக் குறைச்ச நேரந்தான் படுத்திருக்கு. அப்ப ஓய்வு கூடினதால கால் ஆறலை. காலுக்குக் கீழ இருந்த தரை மாறினதுதான் காரணமா இருக்கணும்.

அதே குழு ரெண்டு வருசம் கழிச்சு, கொட்டகையா புல்வெளியான்னு மாட்டையே தேர்ந்தெடுக்க விட்டாங்க. கதவு திறந்தே இருக்கும், தீனி உள்ளே. பகல்ல வெயிலும் புழுக்கமும் ஏற ஏற மாடு உள்ளே வந்துடுச்சு. ராத்திரியில பெரும்பகுதி நேரம் வெளியில போய்ப் படுத்துது. கனடா வெயிலுக்கே இப்படின்னா நம்ம ஊர்ல கலப்பு மாட்டை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேய விடறது எப்படிங்க சரியாகும்? வெளியே விட்டதாலேயே மாடு சந்தோசமா இருக்கும்னு கிடையாது. நிழல் இல்லாத பொட்டல்ல அதுக்குக் கட்டுத்தறியே மேல்.

சுலபமா ஒரு சோதனை இருக்கு. நிக்கிற மாட்டோட விலாவைப் பார்த்து ஒரு நிமிசத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணுங்க. அறுபதைத் தாண்டினா சூடு தாங்கலைன்னு அர்த்தம். வாயைத் திறந்து நுரை தள்ளினா உடனே நிழலும் தண்ணியும். காங்கேயம் பசு அதே வெயில்ல நிதானமா நிக்கும்.

சுவீடன்ல கோடைக்காலத்துல கறவை மாட்டை வெளியே மேய விடணும்னு 1988-லயே சட்டம் போட்டுட்டாங்க. குழந்தைகளுக்குக் கதை எழுதின ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் சில வருசம் பத்திரிகையில எழுதிப் போராடி வந்த சட்டம் அது. அங்க கோடை நல்ல காலம். நம்மகிட்ட அந்த நல்ல காலம் ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும்.

---

மயிலைக்கன்று, ஐப்பசி

எல்லாரும் சொன்னபடி செஞ்சு இன்னிக்குத்தான் விட்டேனுங்க. குளம்பு வெட்டிப் பத்து நாள் ஆச்சு. தீனியையும் பத்து நாளா கொஞ்சம் கொஞ்சமா மாத்தினேன்.

சாயங்காலம் நாலரை மணி. கடவுப் படலைத் திறந்ததும் காங்கேயம் பசுவும் கிடாரியும் தெரிஞ்ச வீட்டுக்குப் போற மாதிரி உள்ளே போயிட்டுதுக. மூணு ஜெர்சியும் கடவுலயே நின்னுட்டுதுக. நாக்குச் சுருட்டுற மாடு முன்னங்காலை மண்ணுல வச்சுட்டு மறுபடி எடுத்துக்கிச்சு. மூணு வருசம் சிமெண்டையே மிதிச்ச கால். குனிஞ்சு மண்ணை மோந்து பார்த்து, புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. ஒரு அஞ்சு நிமிசம் அப்படியே. அப்புறம் வாலைத் தூக்கிட்டு ஒரே ஓட்டம். பின்னங்கால் ரெண்டையும் காத்துல உதைச்சுத் துள்ளுது. ஏழு வயசு மாடுங்க அது, நாலு ஈத்து ஈன்றது.

நொண்டற மாடு ஓடல. வெள்வேல மரத்தடியில நின்னு முதுகை மரத்துல தேய்ச்சுட்டே இருந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டு. கயித்துல கட்டின மாடு தன் முதுகைத் தானே சொறிஞ்சுக்க முடியாதுங்கறது இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்லை. எங்கம்மா பார்த்துட்டு அழுதுட்டாங்க.

---

வெள்வேலம்

தம்பி, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியல.

அடுத்த வேலையைச் சொல்றேன். ஆறு ஏக்கரையும் ஒண்ணா திறந்து விடாதீங்க. நாலாப் பிரிச்சு மாத்தி மாத்தி விடுங்க. ஒரு பக்கம் மேயும்போது மத்தது தூர் பிடிக்கும், புழுவும் வெயில்ல சாகும். இந்த வருசம் ஒரு பகுதியையாவது விதை முத்தி உதிரும் வரை மேய விடாதீங்க. சும்மா கிடந்த காட்டுல கொழுக்கட்டைப்புல் இடைஇடையே செத்திருக்கும். தண்ணித் தொட்டி நிழல்ல இருக்கட்டும்.

ராத்திரி விடறதா இருந்தா நாயைப் பாருங்க. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள்ள பூந்து ஆடுகளைக் கடிச்சுப் போடறது உங்களுக்குத் தெரியும். பெரிய மாடு சமாளிச்சுக்கும். கன்னுக்குட்டியை வீட்ல வச்சுக்கோங்க.

---

வாய்க்கால்கரை

எங்களுக்குச் சொந்த நிலமே இல்லை. ஒரு மாடு, ரோட்டோரம் கயித்தைப் பிடிச்சுட்டு மேய்க்கிறேன். அதுவும் மேய்ச்சல்தானே? மாடு மெலிஞ்சுட்டே போகுது, எலும்பைக் கண்டா நக்குது, பழைய துணியைத் தின்னுது.

---

ஊர் கால்நடை டாக்டர்

எலும்பு, துணி, கயிறு தின்பது பாஸ்பரஸ் குறைவின் அடையாளம். நம் மண்ணிலேயே அந்தச் சத்து குறைவு, புல்லிலும் குறைவாகத்தான் இருக்கும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், தவிட்டில் பிசைந்து கொடுங்கள். ஆனால் முதலில் மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். ரோட்டோர மாட்டின் வயிற்றில் நெகிழிப் பை சேர்ந்திருந்தால் எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பு தேறாது. இடது வயிறு எப்போதும் மந்தமாக உப்பி இருக்கிறதா, அசை போடுவது குறைந்திருக்கிறதா என்று கவனித்து வந்து சொல்லுங்கள். கம்பி, ஆணி விழுங்கியிருந்தால் முன் நெஞ்சு வீங்கும், இறக்கத்தில் இறங்கத் தயங்கும்.

குப்பை கிடக்கிற ரோட்டோரத்தைவிட, அறுத்து வந்த புல்லும் மரத்தடியில் நீளமான கயிறும் உங்கள் மாட்டுக்கு நல்லது.

---

கோ-5

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நிலம் இல்லாதவங்களுக்கும் ஒரு வழி வேணும். மயிலைக்கன்று தம்பி முதல் நாள் எழுதினதைப் படிச்ச பிறகு என் கட்டுத்தறிக்குப் போய் நின்னேன். எட்டும் ஒரே திசையில பார்த்துட்டு நிக்குதுக. மறுநாளே கட்டுத்தறிக்குப் பின்னாடி நாலு சென்ட்டு இடத்தைச் சவுக்குக் கம்பு அடிச்சு அடைச்சேன். மண் தரை, நடுவுல ஒரு வேம்பு, ஓரத்துல தண்ணித் தொட்டி. காலைக் கறவை முடிஞ்சதும் கயித்தை அவுத்து விட்டுடறேன். புல்லு வழக்கம்போல அறுத்துத்தான் போடறேன்.

முதல் ரெண்டு நாள் முட்டிக்கிச்சுக, யார் பெரியவன்னு முடிவாகற வரைக்கும். கொம்பு கூர்மையா இருந்தா பார்த்துக்கோங்க. மூணாவது நாள்ல இருந்து சோடி சோடியா படுக்குதுக, ஒண்ணையொண்ணு நக்குதுக. எந்த மாடு பருவத்துக்கு வந்திருக்குன்னு இப்ப வாசல்ல இருந்தே தெரியுது. ஒரு வாரத்துல ரெண்டு மாட்டுக்கு ஊசி போட்டேன்.

மேய்ச்சல் நிலம் இல்லாட்டியும் கயித்தை அவுக்கலாம். இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

---

மயிலைக்கன்று, மார்கழி

ரெண்டு மாசக் கணக்கு எழுதறேன். நோட்டுல குறிச்சதை அப்படியே போடறேன்.

மூணு ஜெர்சியும் சேர்ந்து நாளைக்கு 27 லிட்டர் கறந்தது. முதல் ரெண்டு வாரத்துல 23-க்கு இறங்கி இப்ப 25-ல நிக்குது. கொழுப்பு 3.6-ல இருந்து 4.2. புண்ணாக்கும் தவிடும் முன்னால வச்சதுல முக்கால் பங்குதான் வைக்கிறேன். கையில நிக்கிற காசு முன்னைவிடக் குறையல. நெய் உருக்கினா நல்ல மஞ்சளா வருது, பச்சைப்புல்லோட நிறம்னு அம்மா சொல்றாங்க.

நேரம்: காலை எட்டு மணிக்குப் பனி காஞ்சதும் பத்தரை வரைக்கும், சாயங்காலம் நாலுல இருந்து ஒம்பது வரைக்கும். நடுப்பகல் கட்டுத்தறியில, மண் கொட்டின தரையில. சிமெண்டைப் பாதி இடத்துல உடைச்சு எடுத்துட்டேன்.

நொண்டின மாடு இப்பத் தானா நடந்து காட்டுக்குப் போகுது. கார்த்திகையில பருவத்துக்கு வந்துச்சு, கிடாரி மேல தாவறதை என் கண்ணால பார்த்து ஊசி போட்டேன். இன்னும் சினை பார்க்கல.

நாக்குச் சுருட்டறது முழுசா நிக்கல. காட்டுல இருக்கும்போது ஒரு தடவைகூடச் செய்யறதில்லை. மத்தியானம் கட்டுத்தறிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் செய்யுது. மூணு வருசப் பழக்கம்.

ஒரு பயமும் வந்துச்சு. நடு ஜெர்சிக்கு ஒரு நாள் 104.5 காய்ச்சல். அக்கா எழுதினது ஞாபகம் வந்து அன்னிக்கு ராத்திரியே டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தம் பார்த்தார், தைலேரியாவேதான். ஆரம்பத்துலயே ஊசி போட்டதால அஞ்சாம் நாள் தீனி எடுத்துச்சு. அக்கா, உங்க பதிவு இல்லேன்னா நானும் நாலு நாள் பார்த்திருப்பேன்.

---

கரிசல்காட்டு அக்கா

தம்பி, மாடு பொழைச்சதே போதும்டா. காதுக்குள்ள தினமும் பாரு.

---

படிப்பு_நாமக்கல்

அண்ணா, உண்ணிக்காக ஐவர்மெக்டின் போடற மாதிரி இருந்தா ஒண்ணு கவனிங்க. அந்த மருந்து சாணியில வெளியேறி, சாணியை உருட்டி மண்ணுக்குள்ள கொண்டுபோற வண்டுகளையும் பாதிக்கும். கொரங்காட்டுச் சாணியை மண்ணோட சேர்க்கறதே அந்த வண்டுதான். வேணுங்கற மாட்டுக்கு, வேணுங்கற நேரத்துல மட்டும் போடுங்க.

---

மயிலைக்கன்று

சரிங்க தம்பி, நேத்துக்கூட ஒரு வண்டு உருட்டிட்டுப் போறதைப் பார்த்தேன்.

வெள்வேலம் ஐயா, ஒரு சந்தேகம். தெற்குப் பகுதியில விதை முத்திடுச்சு, ஊதினா பறக்குது. மாட்டை இப்ப விடலாமா, இல்ல உதிர்ந்து முடியட்டுமா?

---

வெள்வேலம்

இன்னும் பத்து நாள் பொறுங்க. விதை கீழ விழுந்த பிறகு மாட்டை விட்டா அதுகளே மிதிச்சு மண்ணுல அமுக்கிரும். அதுக்கப்புறம் ஒரு கோடை மழை போதும்.